பிழையில்லாமல் எழுதிய இரண்டு வரி

டீச்சர்,

இன்று காலை கூரியரில் ஓர் அழைப்பிதழ் வந்தது. கனமான, வழவழப்பான அட்டை. உறையைப் பிரித்ததும் அச்சு மையின் நெடியோடு யாரோ தெளித்துவிட்ட சென்ட் வாசனையும் சேர்ந்து அடித்தது. கல்யாணப் பத்திரிகை போல நான்கு மூலையிலும் மஞ்சள். நடுவில் பனி மலை, பூ மரம், அதற்குக் கீழே உங்கள் புகைப்படம். உங்கள் பெயரில் விருது கொடுக்கிறார்களாம். 'சிறந்த சென்செய் விருது.' வழங்குபவர் நம் பழைய தலைவர். இப்போது அவர் ஓர் அகில இந்திய அமைப்பின் நிறுவனத் தலைவர். அந்த அகில இந்தியாவும் தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் ஒற்றை அறையில்தான் இருக்கிறது. உங்கள் பெயரில் ஓர் எழுத்து பிழையாக அச்சாகியிருக்கிறது. தமிழில்தான்.

அதை நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டேன். கை கழுவினேன். பிறகு இதை எழுத உட்கார்ந்தேன். நீங்கள் இருந்தபோதே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டியவை இவை.

நம் ஜப்பானிய மொழியாசிரியர் சங்கம் எப்படித் தொடங்கியது என்பதைத் தலைவர் மேடைக்கு மேடை ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார். ஒரு மேடையில் அவருக்குக் கனவு வந்தது. இன்னொரு மேடையில் ஒரு ஜப்பானியத் தொழிலதிபர் அவர் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார். உண்மையில் அது அதியமான்கோட்டையில், நெடுஞ்சாலை ஓரத்து டீக்கடையில் தொடங்கியது. நாம் மூன்று பேர். நர்சிங் படித்துவிட்டு ஜப்பானில் ஒரு முதியோர் இல்லத்தில் எட்டு வருடம் வேலை பார்த்துத் திரும்பிய நீங்கள். தருமபுரியில் ரஹீம் பாயின் தையல் கடைக்கு மேல் மாடியில், வெளிநாட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கு மொழி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். பெங்களூரில் ஒரு கம்பெனியில் இயந்திரக் கையேடுகளை மொழிபெயர்த்துச் சலித்துப்போய், நல்லம்பள்ளி பக்கம் ஒரு கல்லூரியில் ஜப்பானிய வகுப்பு எடுக்க வந்த நான். மூன்றாவது ஆள் அவர். கறுப்பு கிரானைட் வாங்க வரும் ஜப்பானியர்களைக் காரில் ஏற்றிக்கொண்டு கல் குவாரிகளைச் சுற்றிக்காட்டியவர். அவருக்குத் தெரிந்த ஜப்பானிய மொழி அந்தக் காருக்குள் அடங்கிவிடும். கல், கறுப்பு, விரிசல், நாளை, சாப்பாடு. இந்த ஐந்து சொற்களையும் வைத்துக்கொண்டு ஒரு மொழிப் பயிற்சி நிலையம் தொடங்கியிருந்தார். அதில் கூட்டம் நம் இரண்டு பேரிடமும் இருந்ததைவிட அதிகம்.

நீங்கள் கேட்டது மிகச் சின்ன விஷயம். மாதம் ஒரு நாள் ஆசிரியர்கள் ஒன்றாக உட்கார வேண்டும், அவரவர் பாடத்தில் உள்ள தப்பை மற்றவர் சொல்ல வேண்டும். "பிள்ளைங்ககிட்ட போறதுக்கு முன்னாடி நம்ம தப்ப நாமளே திருத்திக்கணும் சார், அவ்ளோதான்" என்றீர்கள். தலைவர் அதற்குப் பலமாகத் தலையாட்டினார். பிறகு முத்திரை செய்யக் கொடுத்தார்.

முதல் இரண்டு வருடம் சங்கம் என்ன செய்தது என்று யாராவது கேட்டால் நான் நேர்மையாகப் பதில் சொல்வேன்: யார் எந்த நாற்காலியில் உட்காருவது என்று தீர்மானித்தது. அதன் பிறகு பொன்னாடைகள். எங்கள் உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் போர்த்திக்கொண்ட பொன்னாடைகளை ஒன்றாகத் தைத்தால் தொப்பூர் கணவாயை மூடிவிடலாம். செல்போனில் நாற்பது நாள் பாடம் கேட்டவர்கள் எல்லாம் கழுத்தில் அடையாள அட்டை மாட்டி ஆசிரியர்களானார்கள். எல்லாரும் எல்லாரையும் 'சென்செய்' என்று அழைக்க வேண்டும் என்று சுற்றறிக்கை போனது. ஆசிரியரைக் குறிக்கும் அந்த மரியாதைச் சொல்லைத் தலைவர் தன் விசிட்டிங் கார்டில் தன் பெயருக்கு முன்னால் தானே அச்சிட்டுக்கொண்டார். நீங்கள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். "இத அடுத்தவங்கதான் நம்மளச் சொல்லணுங்க. நம்மள நாமளே சொல்லிக்க மாட்டாங்க" என்றீர்கள். அவர் சிரித்தார். "நம்மூர்ல நாமதான் சொல்லிக்கணும் டீச்சர்" என்றார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நான் அந்தக் கும்பலில் செயலாளர். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்பது மட்டுமே தகுதி. கூட்டத் தீர்மானங்களை மினிட் நோட்டில் எழுதுவது, மைக்கில் 'அடுத்ததாக' என்று சொல்வது. அந்தப் பதவி எனக்குப் பிடித்திருந்தது. இதையும் இங்கே எழுதிவிடுகிறேன். மற்றவர்களை மட்டும் இகழ்ந்துவிட்டு நான் ஓரமாக நின்றுகொள்ள முடியாது.

பிறகு கவிதா திரும்பி வந்தாள்.

பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்துப் பெண். தலைவரின் நிலையத்தில் படித்து, நம் சங்கத்தின் முத்திரை குத்திய சான்றிதழோடு ஜப்பானில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போனவள். நான்கே மாதத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவள் தன் நிலையத்துக்குப் போகவில்லை, ஊருக்கும் நேராகப் போகவில்லை. பெட்டியோடு உங்கள் மாடிப்படியேறி வந்து, "வூட்ல லீவுல வந்திருக்கேன்னு சொல்லிக்கலாம்னு இருக்கேன் மேம்" என்றாளாம். நீங்கள் என்னைப் போனில் கூப்பிட்டீர்கள். நான் வந்தபோது மேசையில் அவளுடைய பழைய நோட்டு விரிந்து கிடந்தது.

ஜப்பானிய எழுத்தில் 'ஷி' என்று ஒன்று, 'த்சு' என்று ஒன்று. இரண்டுக்கும் இரண்டு சிறு கோடும் ஒரு நீண்ட வளைவும். ஒன்றில் வளைவு கீழேயிருந்து மேலே ஏறும், மற்றதில் மேலேயிருந்து கீழே இறங்கும். முதல் மாதத்திலேயே சொல்லிக்கொடுத்துத் தீர்க்க வேண்டிய விஷயம். கவிதாவின் நோட்டில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை இரண்டும் இடம் மாறியிருந்தன. ஒவ்வொரு பக்கத்திலும் ஆசிரியரின் சிவப்பு மை டிக். 'வெரி குட்.'

அவள் வேலை பார்த்த இல்லத்தில் தொண்ணூறு வயதைக் கடந்த ஓர் அம்மாள் இருந்தார். த்சுனே என்று பெயர். யார் யாருக்கு எந்தக் கிழமை குளியல் என்று பலகையில் எழுதும் வேலையைக் கவிதாவிடம் கொடுத்திருக்கிறார்கள். அவள் தனக்குச் சொல்லிக்கொடுத்தபடியே எழுதினாள். த்சுனே என்பது ஷினே ஆகிவிட்டது. ஷினே என்றால் 'செத்துப் போ.' அம்மாவைப் பார்க்க வந்த மகள் குளியலறை வாசலில் நின்று அதைப் படித்தார்.

கவிதா அதைச் சொல்லும்போது அழவில்லை. "அந்தம்மா எங்கிட்ட நல்லா இருப்பாங்க மேம். நான் ஊட்டுனாத்தான் சாப்புடுவாங்க" என்று மட்டும் சொன்னாள். அழுதது நீங்கள். நீங்கள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். கீழே தையல் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவளோடு படித்த மற்றவர்களின் நோட்டுகளையும் வாங்கி வரச் சொன்னீர்கள். ஆறு நோட்டுகள் கிடைத்தன. ஆறிலும் அதே தப்பு, அதே டிக்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டு ஹாலில் பொதுக்குழு. காலை டிபன் முடிந்து எல்லாரும் ஏப்பத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். நீங்கள் ஆறு நோட்டுகளோடு எழுந்தீர்கள். நடந்ததைச் சொன்னீர்கள், யார் பெயரையும் சொல்லவில்லை. மொழி சொல்லிக்கொடுக்கிற ஒவ்வொருவரும் வருடத்துக்கு ஒரு தடவை தேர்வு எழுத வேண்டும், தேறாதவர் தேறும்வரை வகுப்பெடுக்கக் கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தீர்கள். முதல் தேர்வை நீங்களே எழுதுவதாகவும் சொன்னீர்கள்.

கூட்டம் கொதித்தது. மாணவர்களுக்குத் தேர்வு வைப்பவனே தேர்வு எழுதுவதா என்று ஒருவர் கேட்டார், பெரிய கைதட்டல். பெண்கள் தவறாக எழுதினால் அது பெண்களின் கவனக்குறைவு என்றார் இன்னொருவர். தன் வகுப்பில் இதுவரை யாரும் ஒரு சந்தேகம்கூடக் கேட்டதில்லை என்று மூன்றாமவர் பெருமையோடு சொன்னார். அவருக்கும் கைதட்டினார்கள். தலைவரிடம் போய் ஒரு சாக்பீஸை நீட்டினீர்கள்.

"ரெண்டே எழுத்துங்க. அந்தப் பலகையில எழுதிக் காட்டிடுங்க. நான் தீர்மானத்த வாபஸ் வாங்கிக்கறேன்."

தலைவர் சாக்பீஸைப் பார்த்தார், தொடவில்லை. சட்டைப்பையில் இருந்த பேனாவைச் சரிசெய்தார். "நான் நிர்வாகம் பாக்கறவன் டீச்சர். எழுத்து கிழுத்தெல்லாம் ஸ்டாஃப் பாத்துக்குவாங்க" என்றார்.

ஒரு மொழியாசிரியர் சங்கத்தின் தலைவர், தன் உறுப்பினர்கள் முன்னால், எழுத்து தன் வேலை இல்லை என்றார். அங்கே ஒருவர்கூட வெட்கப்படவில்லை. சிலர் ஆமோதித்துத் தலையாட்டினார்கள். அந்தத் தலைகள் எல்லாம் எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கின்றன. அவற்றில் எதற்குள்ளும் ஐம்பது எழுத்துக்கு மேல் இருந்திருக்காது.

அப்போது நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். "செகரட்டரி சார், உங்களுக்குத் தெரியும். இந்த நோட்டுல இருக்கறது தப்பா இல்லயா? ஒரே வார்த்த சொல்லுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். தப்பு என்று சொல்ல மூன்று எழுத்து போதும். நான் சொன்னது இது: "அத நாம அப்புறமா தனியா பேசிக்கலாங்க டீச்சர்."

நீங்கள் நோட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு வெளியே போனீர்கள். ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது. அது தேய்வதற்குள் உங்களை நீக்கிவிட்டார்கள். நீக்கம் என்று எழுதினால் அசிங்கமாக இருக்கும், டீச்சர் தாமாகவே விலகிவிட்டதாக எழுதிவிடுங்கள் என்று தலைவர் என்னிடம் குனிந்து சொன்னார். நான் எழுதினேன். 'உறுப்பினர் தமது சொந்தக் காரணங்களை முன்னிட்டுத் தாமாகவே விலகிக்கொள்வதாகத் தெரிவித்ததை இப்பொதுக்குழு வருத்தத்துடன் ஏற்றுக்கொள்கிறது.' இரண்டு வரி. 'வருத்தத்துடன்' என்பது யாரும் சொல்லாமல் நானாகச் சேர்த்தது. அதன் பிறகு மதியச் சாப்பாட்டுக்குப் போனேன். வடை நன்றாக இருந்தது.

ஒரு வாரம் கழித்து நீங்கள் கல்லூரிக்கு வந்தீர்கள். ஆசிரியர் அறையில் நான் தனியாக இருந்தேன். மினிட் நோட்டைக் கேட்டீர்கள், கொடுத்தேன். நின்றபடியே படித்தீர்கள். நீங்கள் கத்துவீர்கள் என்று எதிர்பார்த்தேன். கத்தினால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லலாம், பிறகு மன்னிப்புக் கேட்கலாம், எல்லாம் ஒரு மாதிரி முடியும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

"எழுத்துப் பிழை ஒண்ணுமில்ல சார். சுத்தமா எழுதியிருக்கீங்க" என்றீர்கள். நோட்டை மூடி, மேசை விளிம்புக்கு நேராக வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள்.

அதுதான் நீங்கள் என்னிடம் கடைசியாகப் பேசியது. அதற்குப் பிறகு உங்களைப் பற்றிய செய்தியெல்லாம் ரஹீம் பாய் வழியாகத்தான். பேண்ட் உயரம் குறைக்கக் கொடுக்கும் சாக்கில் அடிக்கடி போவேன். கவிதாவை முதல் எழுத்திலிருந்து மறுபடியும் உட்கார வைத்திருக்கிறீர்கள் என்றார். "ஒரே எழுத்த காலைல இருந்து சொல்லிக்கிட்டே இருக்காங்க சார். எனக்கே மனப்பாடம் ஆயிருச்சு" என்றார். அவர் சொல்லியும் காட்டினார். சரியாகவே சொன்னார். எங்கள் துணைத் தலைவரைவிட நன்றாக.

கவிதா தேறினாள். வேறு ஊரில் வேறு இல்லத்தில் வேலை கிடைத்துப் போனாள். அந்த வருடமே உங்களுக்கு நோய் வந்தது. அதை நீங்கள் யாருக்கும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தபோது உங்களால் படியேற முடியாத நிலை. ஒரு நாள் பழம் வாங்கிக்கொண்டு அதியமான்கோட்டைக்கு வந்தேன். உங்கள் தெரு முனை வரை வந்தேன். வாசலில் உங்கள் தம்பி செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் போனால் முதல் வார்த்தையாக என்ன சொல்வது என்று யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை. அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். அந்தப் பழங்களை வீட்டில் சாப்பிட்டோம். ஒரு சங்கத்தையே இகழ்கிற யோக்கியதை எனக்கு உண்டா என்று நீங்கள் கேட்டால், இந்தப் பழங்களையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் கேட்க வேண்டும்.

நீங்கள் போய்ப் பத்தாம் நாள் சங்கம் இரங்கல் கூட்டம் போட்டது. விலகிக்கொண்ட உறுப்பினருக்கு எதற்குக் கூட்டம் என்று எனக்குப் புரியவில்லை. பத்திரிகைக்காரர்கள் வருவார்கள் என்றதும் புரிந்தது. மேடையின் அகலத்துக்கு ஃப்ளெக்ஸ் பேனர். நடுவில் மாலை போட்ட உங்கள் படம், அதைவிடக் கொஞ்சம் பெரிதாகக் கைகூப்பிய தலைவர் படம், மேலே ஒரு முழம் உயரத்துக்கு ஜப்பானிய எழுத்துகள். 'ஒமெதெதோ கொசாய்மாஸ்.' நல்வாழ்த்துகள். மாணவிகள் தேர்வில் தேறியபோது அடித்த பழைய பேனர் ஃப்ளெக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் இருந்திருக்கிறது. ஜப்பான் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு படத்தை மட்டும் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் இறந்ததற்கு உங்கள் சங்கம் முழம் உயரத்தில் உங்களை வாழ்த்தியது. கீழே நாற்காலி நிறைய ஜப்பானிய மொழி ஆசிரியர்கள் உட்கார்ந்து சோகமாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் உள்ளே நுழைந்தவுடன் படித்துவிட்டேன். படித்துவிட்டு மைக் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கப் போனேன்.

தலைவர் பேசினார். நீங்கள் சங்கத்தின் முதுகெலும்பு என்றார். தன் வழிகாட்டுதலில் நீங்கள் எவ்வளவோ செய்ததாகச் சொன்னார். விடுப்பில் ஊருக்கு வந்திருந்த கவிதா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து மேடை ஓரம் நான் நின்ற இடத்துக்கு வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"அவங்களுக்குத் தெரியாது, சரி. உங்களுக்குமா சார் படிக்கத் தெரியல?"

தலைவர் முடித்ததும் 'அடுத்ததாக' என்று சொல்ல மைக்கை வாங்கினேன். பேனரில் இருப்பதைச் சத்தமாக ஜப்பானிய மொழியில் படித்தேன், பிறகு தமிழில் அர்த்தம் சொன்னேன். இரங்கல் கூட்டத்துக்கு வந்த உங்கள் தம்பி தலை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு முன்னால் அதைச் சொல்ல வேண்டியிருந்தது. நிறுத்தினால் மறுபடி தொடங்க மாட்டேன் என்று தெரிந்ததால் மேலே பேசினேன். டீச்சர் விலகவில்லை, நாங்கள் நீக்கினோம், விலகியதாகப் பொய் எழுதியது நான் என்றேன். ஆறு நோட்டுகளில் இருந்தது தப்பு என்றேன். அதைச் சொல்ல எனக்கு இரண்டு வருடமும் ஒரு சாவும் தேவைப்பட்டிருக்கின்றன.

தலைவர் அருகில் வந்து தோளில் கை வைத்தார். எனக்கு மட்டும் கேட்கும்படி, "விடுங்க சார். இங்க படிக்கத் தெரிஞ்சவங்க எத்தன பேரு இருக்காங்க?" என்றார். அந்த மனிதர் வாழ்நாளில் சொன்னவற்றில் மறுக்க முடியாத ஒரே வாக்கியம் அதுதான்.

உங்கள் தம்பி யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், மாலையோடு இருந்த உங்கள் சின்னப் படத்தை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். கவிதா அவரோடு போனாள். அவரிடம் நான் இன்றுவரை பேசவில்லை. பேசினால் கேட்டுக்கொள்வார் என்று நினைக்கவும் எனக்கு உரிமை இல்லை.

ஒரு மாதத்துக்குள் தலைவர் பெரும்பாலானவர்களை அழைத்துக்கொண்டு புதுச் சங்கம் தொடங்கினார். முத்திரை, நாற்காலி, பொன்னாடை எல்லாம் அங்கே போயின. பழைய சங்கத்தில் நான்கு பேர் மிஞ்சினோம். ரஹீம் பாய் உங்கள் மாடியை யாருக்கும் விடாமல் வைத்திருந்தார். அங்கே மாதம் ஒரு முறை கூடுகிறோம். அவரவர் பாடத்தைக் கொண்டுவந்து மற்ற மூன்று பேரிடம் திட்டு வாங்குகிறோம். போன பங்குனியில் தேர்வு எழுதினோம். கேள்வித்தாள் தயாரித்து அனுப்பியவள் கவிதா. இரண்டு பேர் தேறினார்கள். நான் தேறவில்லை. வாசித்துப் புரிந்துகொள்வதில் தப்பித்தேன், காதால் கேட்டுப் புரிந்துகொள்வதில் படுத்துவிட்டேன். கையேடுகளிலேயே காலம் கழித்தவனுக்கு மனிதர்கள் பேசுவது புரியவில்லை. கவிதா வீடியோவில் வந்து முகத்துக்கு நேராகச் சொன்னாள்: "நீங்க இந்த வருஷம் மேல் வகுப்பு எடுக்கக் கூடாது சார்." நீங்கள் கொண்டுவந்த தீர்மானத்தின்படியே. சரி என்றேன். கல்லூரியில் காரணம் கேட்டார்கள், தேறவில்லை என்றேன். துறைத் தலைவர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

இப்போது தொடக்க வகுப்பு மட்டும்தான் எடுக்கிறேன். நேற்று ஒரு பெண் எழுந்து, வலி என்பதற்குப் பாடத்தில் இருக்கும் மூன்று சொல்லில் வயசானவங்க எதைச் சொல்வாங்க என்று கேட்டாள். முன்பு என்றால் தோன்றியதைச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருப்பேன். "எனக்குத் தெரியலம்மா. கேட்டுட்டு வந்து நாளைக்குச் சொல்றேன்" என்றேன். அவள் கேள்வியை நோட்டின் ஓரத்தில் எழுதிக்கொண்டு உட்கார்ந்தாள். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. அப்படிச் சொல்வதில் எனக்கும் அவமானமாக இல்லை. உங்களுக்குச் செய்தது மட்டும் அப்படியே இருக்கிறது. அதைக் குறைத்துக்கொள்ள நான் முயலவில்லை டீச்சர்.

இன்று காலை கவிதாவிடம் போனில் அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டேன். மதியம் இரண்டு மணிக்கு வகுப்பு. போய் அந்தப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டும்.